கேஎன் கேட்டும் நடுவில் புகுந்துவிட்டேன்: ப்ரோசைன்களை எப்படிப் பழகினீர்கள்?

புதுக்கீ

எல்லோருக்கும் வணக்கம். அமெச்சூர் ரேடியோவுக்காக (ஹேம்) மோர்ஸ் படிக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. எழுத்து, எண் எல்லாம் நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் காதில் விழுகிறது. அனுப்பவும் ஓரளவு வருகிறது. ஆனால் முந்தாநாள் இரவு நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லி யோசனை கேட்கத்தான் இந்த இழை. ப்ரோசைன் என்பது 'பொறு', 'முடிந்தது' போன்றவற்றைச் சொல்ல எழுத்துகளை ஒட்டி அனுப்பும் குறி.

நாற்பது மீட்டர் அலைவரிசையில் ஒரு நிலையம் பளிச்சென்று கேட்டது. அழகான கை. ஒரு கால்சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்), 'டிஇ' (இன்னாரிடமிருந்து), இன்னொரு கால்சைன், கடைசியில் 'கே' மாதிரி ஒன்று. 'கே' என்றால் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று படித்திருந்தேன். உடனே என் கால்சைனை இரண்டு முறை அடித்தேன். பதிலுக்கு டி-டா-டி-டி-டிட் என்று வந்தது ('டி', 'டிட்' குறுகிய ஒலி, 'டா' நீண்ட ஒலி). நோட்டில் 'எல்' என்று எழுதினேன். எதற்கு 'எல்' என்று விளங்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே டி-டா-டி-டி-டிட். மூன்றாம் முறையும் கூப்பிட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

மறுநாள் காலையில் பதிவை மெதுவாக ஓட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது. அவர் முடித்தது 'கே' போட்டு அல்ல, 'கேஎன்' போட்டு, அதாவது 'நான் பேசிக்கொண்டிருப்பவர் மட்டும் பதில் சொல்லட்டும்'. எனக்கு அனுப்பியது 'எல்' அல்ல, 'ஏஎஸ்', அதாவது 'பொறு'. பின்னால் மெல்லிய சத்தத்தில் இன்னொருவர் தன் பெயரையும் ஊரையும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அவர் தலைமேலேயே மூன்று முறை ஏறி அடித்திருக்கிறேன்.

ப்ரோசைன் பட்டியல் என்னிடம் இருக்கிறது, மனப்பாடமும் ஆகிவிட்டது. காற்றில் வரும்போதுதான் பிடிபடவில்லை. நீங்கள் எல்லாம் இதை எப்படிக் காதுக்குப் பழக்கினீர்கள்? அப்புறம் ஒரு சந்தேகம்: பொது அழைப்பை (யாராவது பேச வாருங்கள் என்ற அழைப்பை) 'கே' போட்டு முடிப்பதா, 'ஏஆர்' (முடிந்தது) போட்டு முடிப்பதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நாற்பது_மீட்டர்

தம்பி, உங்களுக்கு 'ஏஎஸ்' அனுப்பினாரே, அவர் நல்ல மனுஷர். உங்கள் சிக்னல் அவருக்குக் கேட்டது, முடித்துவிட்டு உங்களிடம் வரவும் நினைத்திருக்கிறார். வேண்டாதவராக இருந்தால் காதில் விழாத மாதிரி இருந்திருப்பார்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நிமிடத்துக்கு 12 சொல் என்றால் ஒரு டிட் 100 மில்லி விநாடி. 1,200-ஐ வேகத்தால் வகுத்தால் டிட்டின் நீளம் வந்துவிடும். ஓர் எழுத்துக்குள் டிட்டுக்கும் டாவுக்கும் இடையே ஒரு டிட் அளவு இடைவெளி, அதாவது 100. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று டிட், 300. ப்ரோசைனில் இந்த 300 கிடையாது. 'ஏ'-யும் 'ஆர்'-உம் 100 மில்லி விநாடியில் ஒட்டிக்கொண்டு டி-டா-டி-டா-டிட் என்று ஒரே மூச்சில் போகும். எழுதும்போது இரண்டு எழுத்துக்கும் மேலே ஒரே கோடு போடுவது அதற்காகத்தான்.

நீங்கள் பட்டியலில் 'கே', 'என்' என்று இரண்டு எழுத்தாகப் படித்தீர்கள். காது அந்த 300 மில்லி விநாடிக்குக் காத்திருந்தது. அது வரவே இல்லை. அதனால் தெரிந்த 'கே'-யைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டது.

அந்த எழுத்துப் பெயர்களை நம்பாதீர்கள். நாம் பேசும்போது சுட்டிச் சொல்ல வைத்துக்கொண்ட அடையாளம், அவ்வளவுதான். உரையாடல் முடிவுக்கான 'எஸ்கே'-யை எடுத்துக்கொள்ளுங்கள்: டி-டி-டி-டா-டி-டா. இதே ஒலியை இங்கிலாந்துக்காரர்கள் 'விஏ' என்பார்கள். 'வி' டி-டி-டி-டா, 'ஏ' டி-டா, ஒட்டினால் அதேதான். டி-டா-டி-டா-டிட் கூட்டல் குறி. டா-டி-டி-டி-டா சமக்குறி. உங்களைக் கவிழ்த்த டா-டி-டா-டா-டிட் தொடக்க அடைப்புக்குறி. பயிற்சித் தளங்களில் திரையில் சமக்குறி வந்தால் குழம்ப வேண்டாம், அது பத்தி பிரிக்கும் 'பிடி'-தான்.

ஆகவே 26 எழுத்து, 10 எண் என்று வைத்திருக்கிறீர்களே, அதோடு இன்னும் ஐந்தாறு 'எழுத்து' சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோக் முறையில் 'கே', 'எம்' என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனீர்கள் அல்லவா? அதே மாதிரி இவற்றையும் முழு வேகத்தில் கூட்டுங்கள். மெதுவாகக் கேட்டால் டிட், டா எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். எண்ணினால் போச்சு.

புதுக்கீ

நன்றி அண்ணா. 300 மில்லி விநாடி விளக்கம் நன்றாகப் பதிந்துவிட்டது. நேற்று இரவு உட்கார்ந்து, எனக்கு எது எதோடு குழம்புகிறது என்று எழுதிப் பார்த்தேன். 'ஏஎஸ்' எனக்கு 'எல்'-லோடு ஒரு டிட் கூடினது. 'கேஎன்' 'ஒய்'-யோடு ஒரு டிட் கூடினது. 'பிடி' கேட்டால் பாதி நேரம் 'எக்ஸ்' என்றும் பாதி நேரம் 6 என்றும் எழுதுகிறேன். கடைசியில் வரும் அந்த ஒரு டிட்டுக்கு முன்பே என் கை எழுத்தை எழுதி முடித்துவிடுகிறது.

பேடில்பிரியன்

அந்த அவசரம்தான் எல்லோருக்கும். ஓர் எழுத்து தாமதமாக எழுதப் பழகுங்கள். ஒலி முடிந்து அடுத்த ஒலி ஆரம்பிக்கும்போதுதான் பேனா நகர வேண்டும். முதல் வாரம் கொடுமையாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

நான் கை வழியாகக் காதைப் பழக்கினேன். இரட்டைப் பேடில் (ஒரு பக்கம் தொட்டால் டிட், மறுபக்கம் தொட்டால் டா தானே வரும் கீ) வைத்திருந்தால் 'ஏஆர்' மாதிரி சுகமானது வேறு இல்லை. டிட் பக்கம் ஒரு நூல் முன்னால் தொட்டு இரண்டையும் சேர்த்துப் பிழியுங்கள். டி-டா-டி-டா என்று தானே ஓடும். உங்கள் கீயர் (பேடிலுக்கு டிட், டாவை உண்டாக்கும் கருவி) 'ஏ' முறையில் இருந்தால் கடைசி டிட் ஒலிக்கும்போது விடுங்கள். 'பி' முறை என்றால் இரண்டாவது டா ஒலிக்கும்போதே விட்டுவிட வேண்டும், கடைசி டிட்டை அது தானே போட்டுக்கொள்ளும். இது தெரியாமல் எத்தனையோ பேர் 'ஏஆர்' முடிவில் ஒரு டா கூடுதலாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

டா பக்கம் முதலில் தொட்டுப் பிழிந்தால் டா-டி-டா-டி-டா. பழைய முறைச் செய்திகளின் தொடக்கக் குறி அது. நம் சாதாரண உரையாடலில் இப்போது அதிகம் காதில் விழாது.

'பிடி'-க்கு ஒரு பயிற்சி: நேர் கீயில் (கையால் மேலும் கீழும் அழுத்தும் கீயில்) அடிக்கும்போது டா-வுக்குப் பிறகு மூன்று டிட்டையும் மணிக்கட்டின் ஒரே அசைவில் விடுங்கள், பிறகு டா. அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்கும் நேரத்தில் கை இதைத்தான் அடிக்கும். எழுத்தில் பத்தி பிரிக்கிற மாதிரி. "இங்கே வெயில் = ரிக் 10 வாட் = ஆன்டெனா டைபோல்" என்று போகும். வாய்ப்பேச்சில் 'அப்புறம்' சொல்கிறோமே, அந்த இடத்தில் இது.

பழைய_ஸ்பார்க்ஸ்

நான் 1980-களில் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இளைஞர்கள் இதை இவ்வளவு அக்கறையாகப் பேசுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. 'ஏஎஸ்' பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் 500 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லோரும் சந்திக்கும் முச்சந்தி. கூப்பிடுவதும் ஆபத்து அழைப்பும் அங்கே. ஆள் பிடித்தவுடன் வேலை அலைவரிசைக்கு மாறிவிட வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 முதல் 18 நிமிடம் வரை, 45 முதல் 48 நிமிடம் வரை யாரும் 500-ல் கீயைத் தொடக் கூடாது. ரேடியோ அறைக் கடிகாரத்தில் அந்த மூன்று நிமிடத் துண்டுகள் இரண்டும் சிவப்பாக இருக்கும். அந்த நேரத்தில் உலகத்தில் எந்தக் கப்பலாவது மெல்லிய சிக்னலில் உதவி கேட்கிறதா என்று எல்லோரும் காது கொடுப்போம்.

சென்னைக் கரை நிலையம் விடபிள்யூஎம். அங்கேயும் சரி, மற்ற துறைமுகங்களிலும் சரி, மாலை வேளையில் கூட்டம் அதிகம். கரையில் இருப்பவர் ஒரே ஆள். நாம் கூப்பிட்டால் 'ஏஎஸ் 10' என்பார், பத்து நிமிடம் பொறு என்று அர்த்தம். அல்லது 'க்யூஆர்ஒய் 3', உன் முறை மூன்றாவது. அவ்வளவுதான் பேச்சு. நீங்கள் கீயிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு தடவை, எந்த நிலையம் என்று சொல்ல வேண்டாம், நான் மூன்றாவது முறையில் இருந்தேன். எங்கள் கப்பலில் இரண்டாம் எஞ்சினியருக்குக் குழந்தை பிறந்திருந்தது, மனைவிக்கு வாழ்த்துத் தந்தி எழுதி என் மேசையில் வைத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறார். அப்போது ஒரு கப்பல் 'ஏஎஸ்' வாங்கியும் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கரை மறுபடி 'ஏஎஸ்'. அது மறுபடி அழைப்பு. முதல் கப்பலின் செய்தி பாதியில் அறுந்து திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. 500-ல் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அடுத்து வரிசை புதிதாக ஆரம்பித்தது. அந்தத் தந்தி ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் போனது. எஞ்சினியர் நடுவில் டியூட்டிக்கு இறங்கிப் போய்விட்டார், தந்தி போன சேதியைக் குழாய்த் தொலைபேசியில்தான் அவருக்குச் சொன்னேன்.

அதனால்தான் புதுக்கீ தம்பி வருத்தப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் கப்பல்காரர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. எஸ்ஓஎஸ் என்பதும் இந்த வகைதான். மூன்று எழுத்தாக அனுப்புவது தவறு. டி-டி-டி-டா-டா-டா-டி-டி-டிட், ஒன்பதும் ஒரே தொடர். 1906 பெர்லின் மாநாட்டில் ஏற்று, 1908 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துக்கு விரிவாக்கம் எல்லாம் மக்கள் பின்னால் சேர்த்தது. அந்த நீளமான ஒலி வேறு எதோடும் குழம்பாது என்பதுதான் அதன் பலம். நேரம் இருந்தால் அதற்கு முன்னால் நான்கு விநாடி நீளமான கோடு பன்னிரண்டு, நடுவில் ஒவ்வொரு விநாடி விட்டு அனுப்புவோம். தூங்கிக்கொண்டிருக்கும் மற்ற கப்பல் ரேடியோ ஆபீசரின் தலைமாட்டில் மணி அடிப்பதற்கு. 1999 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு செயற்கைக்கோள் முறை முழுதாக வந்து எங்கள் வேலை முடிந்தது.

தாமிரபரணி_டைபோல்

ஸ்பார்க்ஸ் ஐயா, படிக்கும்போது மெய் சிலிர்த்தது. இதைப் படித்ததும் டைட்டானிக் நினைவு வந்தது. 1912 ஏப்ரல் 14 இரவு, பக்கத்திலேயே நின்ற கலிஃபோர்னியன் கப்பலின் ரேடியோ ஆபரேட்டர் எவன்ஸ், 'நாங்கள் பனிக்கட்டி சூழ நிற்கிறோம்' என்று டைட்டானிக்குக்குச் சொல்லப் போனார். அதை அவர் கேப்டனுக்கான முறையான செய்தி என்ற முன்குறி போட்டு அனுப்பவில்லை, நண்பனிடம் பேசுவது போல ஆரம்பித்தார். அந்தப் பக்கம் டைட்டானிக்கின் ஆபரேட்டர் ஃபிலிப்ஸ் கேப் ரேஸ் கரை நிலையத்தோடு பயணிகளின் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கப்பல் என்பதால் சிக்னல் காதைப் பிளந்திருக்கும். 'வாயை மூடு, வேலையாக இருக்கிறேன்' என்று திருப்பிவிட்டார். எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கருவியை அணைத்துப் படுக்கப் போனார். சில நிமிடங்களில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

அந்த இடத்தில் ஒரு 'ஏஎஸ்' மட்டும் போயிருந்தால் எவன்ஸ் காத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

பழைய_ஸ்பார்க்ஸ்

ஃபிலிப்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது தம்பி. முந்தின நாள் கருவி பழுதாகி, சேர்ந்து கிடந்த செய்திக் கட்டை அவர் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசி வரை கீயை விடாமல் இருந்து கப்பலோடு போனவர். ஆனால் முன்குறி பற்றி நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. செய்தியின் தலையில் அது யாருக்கு, எவ்வளவு முக்கியம் என்று இல்லாவிட்டால், வாங்குகிறவர் அதை எந்தக் கட்டில் வைப்பார்?

ஏழாம்_அலை

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். புதுக்கீ கேட்ட இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் வாய் திறக்கேல்லை. நான் தொடங்குகிறேன்.

பொது அழைப்புக்குக் கடைசியில் 'ஏஆர்'தான் சரி. 'கே' என்றால் 'இப்ப நீ கதை' என்று ஒருவரிடம் திருப்பிக் கொடுப்பது. பொது அழைப்பு அடிக்கும்போது எதிரில் ஆர் இருக்கிறார்? ஒருவரும் இல்லை. இல்லாத ஆளிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது? 'என் அழைப்பு முடிந்தது' என்று மட்டும் சொல்ல வேண்டும், அதற்கு 'ஏஆர்'. ஐரோப்பாவில் பல அனுபவசாலிகள் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

நாற்பது_மீட்டர்

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 'கே' என்பதற்கு சர்வதேச வரையறையில் இருக்கும் பொருள் 'அனுப்ப அழைப்பு'. யாருக்கு என்று அதில் இல்லை. பொது அழைப்பே ஊருக்கெல்லாம் விடும் அழைப்புதானே? 'வாருங்கள்' என்று முடிப்பதில் என்ன பிழை? அமெரிக்க வழக்கில் பொது அழைப்பு 'கே'-யில்தான் முடியும். 'ஏஆர்'-ஐ அவர்கள் வைத்திருப்பது, ஒரு நிலையத்தை முதல்முறை நாம் கூப்பிடும்போது, இன்னும் தொடர்பு ஏற்படாத நேரத்தில்.

நடைமுறையிலும் ஒன்று இருக்கிறது. சத்தம் இரைச்சலாக இருக்கும் இரவில் டா-டி-டா சட்டென்று பிடிபடும். புதியவர் காதுக்கு அது எளிது.

ஏழாம்_அலை

வழக்கம் இரண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயம் பாருங்கோ: புதுக்கீக்கு நடந்த பிழை ஏன் நடந்தது? 'கே' கேட்டால் புகலாம் என்று மனதில் பதிந்திருந்தபடியால். பொது அழைப்புகள் 'ஏஆர்'-இல் முடிந்து பழகியிருந்தால், டா-டி-டா கேட்டவுடன் 'இவர் ஆரோடோ கதைத்துக்கொண்டிருக்கிறார்' என்று கை நின்றிருக்கும்.

நாற்பது_மீட்டர்

இது நான் யோசிக்காத கோணம். ஒத்துக்கொள்கிறேன், இதற்குப் பதில் என்னிடம் இல்லை. நான் 'கே'-யைத்தான் தொடர்வேன், முப்பது வருடப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. புதுக்கீ, நீங்கள் எதை எடுத்தாலும் தவறில்லை. ஒன்றே ஒன்று: பொது அழைப்பின் முடிவில் 'கேஎன்' போடவே போடாதீர்கள். 'எல்லோரும் வாருங்கள், நீங்கள் வர வேண்டாம்' என்பது போல ஆகிவிடும். அடிக்கடி கேட்கிறேன், நன்றாக அனுப்புகிறவர்களிடமே.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'கே' கேட்டாலும் 'கேஎன்' கேட்டாலும் முதலில் வாயை மூடிக் காதைத் திறங்கள். ஒரு சுற்று முழுக்கக் கேட்டுவிட்டுக் கீயைத் தொடுங்கள். உங்களுக்குக் கேட்காத மெல்லிய சிக்னல் எதிரில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கலாம்.

தந்திவீட்டுப்பெண்

பல நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன். 'எஸ்கே' பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

என் அப்பா தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். டெலிபிரின்டர் வருவதற்கு முன்பு சவுண்டர் காலத்து ஆள். சவுண்டரில் 'பீப்' ஒலி கிடையாது. இரும்பு கீழே அடிப்பது ஒரு 'டக்', மேலே திரும்புவது ஒரு 'டிக்'. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் குறுகினால் டிட், நீண்டால் டா. ஓய்வுக்குப் பிறகு ஹேம் ஆனபோது முதல் மாதம் அப்பா திணறினார். ஊதல் மாதிரி வருகிற ஒலியில் எழுத்தைத் தேடத் தெரியவில்லை. ப்ரோசைன்கள்தான் அவருக்கு முதலில் பிடிபட்டன. எழுத்தைவிட நீளமானவை, தாளம் தனியாகத் தெரியும் என்பார்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது 'எஸ்' என்றோ 'கே' என்றோ சொல்லவில்லை. மேசையில் விரலால் தட்டிக் காட்டி, 'இதைக் கேட்டால் நோட்டை மூடலாம்' என்றார். பல வருடம் கழித்துத்தான் அதற்கு 'எஸ்கே' என்று பெயர் இருப்பதே எனக்குத் தெரியும். அதன் பின்னால் உள்ள கதையும் அவர் சொன்னதுதான்: அமெரிக்க நிலவழித் தந்தியில் முடிவுக்கு 30 என்ற எண்ணை அனுப்புவார்களாம். அவர்களுடைய பழைய மோர்ஸில் 3 என்பது டி-டி-டி-டா-டிட், சுழியம் ஒரு நீளக் கோடு. ஒட்டி அடித்தால் நம் 'எஸ்கே' ஒலி அப்படியே வருகிறது. அடித்துப் பாருங்கள்.

2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தியபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மேசையில் அதையே ஒரு முறை தட்டினார். வேறு எதுவும் பேசவில்லை.

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. ஹேம்களில் இறந்தவரை 'சைலன்ட் கீ' என்பார்கள், அதே இரண்டு எழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வழக்கமாகச் சந்திக்கும் நண்பர்கள் ஆறேழு பேர், அந்த வாரம் ஒவ்வொருவராக அப்பாவின் கால்சைனை அடித்துக் கடைசியில் 'எஸ்கே' போட்டார்கள். பிறகு ஒரு நிமிடம் அலைவரிசையை யாரும் தொடவில்லை. அவருடைய ரிசீவரில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெறும் இரைச்சல்தான். அந்த ஒரு நிமிடம் இன்னும் என் காதில் இருக்கிறது.

புதுக்கீ, நீங்கள் உரையாடலை முடிக்கும்போது 'எஸ்கே'-யை இரண்டாக உடைக்காமல் அனுப்புங்கள். இது வேண்டுகோள்.

பழைய_ஸ்பார்க்ஸ்

அம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை. உங்கள் அப்பா சொன்ன விளக்கம் எங்கள் பயிற்சியிலும் சொன்னதுதான். சவுண்டர் கேட்டவர்கள் கையில் இடைவெளி அச்சடித்த மாதிரி இருக்கும். இரும்புச் சத்தத்தில் இடைவெளிதானே எழுத்து.

புதுக்கீ

அக்கா, கண்டிப்பாக. நீங்கள் எழுதியதைப் படித்த அன்று அந்த ஓர் ஒலியை மட்டும் அரை மணி நேரம் அடித்தேன்.

மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். எழுத்துகளை 20 வேகத்தில் வைத்து நடுவில் இடைவெளி விட்டு, ஐந்தைந்து குழுவாகக் கேட்டேன். ஒவ்வொரு குழுவிலும் ஒரு ப்ரோசைன் கலந்து வைத்தேன். 'எல்', 'ஏஎஸ்', 'ஒய்', 'கேஎன்' நான்கையும் மட்டும் வைத்துத் தனியாக ஒரு கோப்பு செய்தேன். முதல் வாரம் பாதிக்குப் பாதி தவறு. இரண்டாம் வாரம் 'கேஎன்' தனியாகப் பிரிந்து நின்றது. 'ஒய்' முடியும் இடத்தில் சத்தம் நின்றுவிடுகிறது, 'கேஎன்' முடிவில் ஒரு சின்ன துள்ளல் இருக்கிறது. அதை எண்ணாமல் கேட்கத் தெரிந்த நாள், திடீரென்று எல்லாம் எளிதாகிவிட்டது.

நேற்று இரவு அதே நாற்பது மீட்டர். பொது அழைப்பு ஒன்று 'கே' போட்டு முடிந்தது. உடனே அடிக்கவில்லை. அண்ணா சொன்ன மாதிரி ஒரு சுற்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அவர் மறுபடி அழைத்தார். என் கால்சைனை இரண்டு முறை அடித்து 'ஏஆர்' போட்டேன். என் கால்சைன் திரும்பி வந்தது, 599 (சிக்னல் மிக நன்று), பெயர், ஊர், நடுநடுவே டா-டி-டி-டி-டா. ஒவ்வொரு 'பிடி'-யிலும் எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. கடைசியில் டா-டி-டா-டா-டிட். கை நடுங்கியது. இந்த முறை அது எனக்கு.

நடுவில் என் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து பிழைத்துவிட்டது. எட்டு டிட் எண்ணிப் போட முயன்று ஒன்பதோ பத்தோ போய்விட்டது. இதற்கு என்ன வழி?

அவர் 73 (வாழ்த்துகள்) சொல்லி டி-டி-டி-டா-டி-டா. நானும் அதையே, உடைக்காமல். அப்புறம் அவர் தனியாக 'டிட் டிட்' என்று இரண்டு விட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் 'டிட் டிட்' விட்டேன். அது சரிதானே?

பேடில்பிரியன்

சரியேதான்! கை குலுக்கிவிட்டுத் தோளில் தட்டுவது மாதிரி அது. எந்த விதிப் புத்தகமும் கேட்காது, ஆனால் திருப்பித் தராவிட்டால் மனதுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

பிழைக் குறிக்கு: எட்டு என்பது விதி. காற்றில் யாரும் எண்ணுவதில்லை. வேகமாக ஏழெட்டு டிட், ஒரு நொடி நிறுத்தம், பிறகு அந்தச் சொல்லை முதலிலிருந்து. சொல்லின் நடுவிலிருந்து தொடராதீர்கள், கேட்பவர் எந்த எழுத்தைத் திருத்துகிறீர்கள் என்று தேட வேண்டியிருக்கும். போட்டிகளில் இதுகூட இல்லை, சொல்லைத் திரும்ப அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். முடிவிலும் 73, 'எஸ்கே' எல்லாம் கிடையாது, ஒரு 'டியு' (நன்றி), அடுத்த ஆள். போட்டி கேட்டுப் பழகினவர்கள் சாதாரண உரையாடலையும் அப்படி முடிப்பது எனக்குப் பிடிக்காது.

ஏழாம்_அலை

வாழ்த்துகள் புதுக்கீ. அழைத்தவருக்குப் பதில் சொல்லும்போது 'ஏஆர்' போட்டீர்கள், அதில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

தந்திவீட்டுப்பெண்

மனம் நிறைந்தது தம்பி. அப்பாவின் நேர் கீ இன்னும் மேசையில்தான் இருக்கிறது. உரிமத் தேர்வுக்கு நானும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

புதுக்கீ

அக்கா, நீங்கள் காற்றில் வரும் அன்று முதல் அழைப்புக்கு நான் கேட்டுக்கொண்டிருப்பேன், தேதி மட்டும் சொல்லுங்கள். ஸ்பார்க்ஸ் ஐயா, உங்களோடு ஒரு முறை பேச ஆசை. வரும் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு 7.025 பக்கத்தில் இருக்க முடியுமா?

பழைய_ஸ்பார்க்ஸ்

இருக்கிறேன். 14 வேகத்தில் அனுப்புங்கள், என் காதுக்கு இப்போது அதுதான் வசதி. ஏழே கால் ஆனதும் மூன்று நிமிடம் நான் கீயைத் தொட மாட்டேன், இத்தனை வருடம் கழித்தும் கை வராது. அந்த நேரத்தில் 'ஏஎஸ் 3' வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.